தோட்டத்துக் காய்கள் ஒரே நேரத்தில் குவிந்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டம் அளந்து கொடுக்காது. வாரக்கணக்கில் பூவும் பிஞ்சுமாகக் காக்க வைக்கும். அப்புறம் திடீரென்று தினமும் ஒரு கூடை. விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து வளர்த்த காய் சமையலறை மூலையில் வாடிப் போவதைப் பார்ப்பது வேதனையான விஷயம். அதைத் தவிர்க்க நூறு சமையல் குறிப்புகள் தேவையில்லை. எதை முதலில் எடுப்பது, மிச்சத்தை எந்த வடிவத்தில் பத்திரப்படுத்துவது என்று தெரிந்தால் பெரும்பாலான காய்களைக் காப்பாற்றிவிடலாம். தோட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

பறித்த காய் எல்லாம் மேஜை மேல் கிடக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் காய்களைப் பிரியுங்கள். அடிபட்டது, வெடித்தது, புழு துளைத்தது எல்லாம் ஒரு பக்கம். இவை நாளைக்குத் தாங்காது. கெட்ட இடத்தை வெட்டிவிட்டு இன்றே சமைக்க வேண்டும். சேதமில்லாத ஆனால் மென்மையான காய்கள் இன்னொரு பக்கம். கீரை, வெண்டை, வெள்ளரி, பீன்ஸ், நன்றாகப் பழுத்த தக்காளி இதில் வரும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் குளிரில் வாரக்கணக்கில் இருக்கும். முற்றிய பூசணியும் உலர்த்திய வெங்காயமும் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணை உறுத்துகிறதே என்று பெரிய பூசணியை முதலில் வெட்டுகிறார்கள். அது தீர்வதற்குள் கீரை மஞ்சளாகிவிடுகிறது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்காமல் எது முதலில் கெடும் என்று பாருங்கள்.

இரண்டு சின்ன வேலைகளை இந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் இலைகளை உடனே வெட்டிப் பிரித்துவிடுங்கள். மண்ணிலிருந்து பிடுங்கிய பிறகும் இலைகள் கிழங்கிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சேமிக்கப் போகிற காயைக் கழுவாதீர்கள். மண்ணைத் துடைத்தால் போதும், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். ஈரம்தான் அழுகலுக்கு வழி.

எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் என்ன?

சில காய்களுக்குக் குளிர் ஆகாது. வெள்ளரியும் கத்தரியும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழி விழும், உள்ளே நீர் கோக்கும், வெளியே எடுத்ததும் வேகமாக அழுகும். வழக்கமான ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அளவில் ஓடுகிறது. ஆகவே இவற்றை ஃப்ரிட்ஜின் குளிர் குறைந்த பகுதியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது நல்லது. தக்காளிக்கு வேறு பிரச்சினை. குளிரில் அதன் மணம் மங்கிவிடும். பழுக்காத தக்காளியை வெளியிலேயே வைத்துப் பழுக்க விடுங்கள். முழுதாகப் பழுத்து, இன்று சமைக்கவும் முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

எதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பழுக்கும் தக்காளி, வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டால் கீரையும் வெள்ளரியும் சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் கசக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். வெங்காயத்துக்கு வறட்சி வேண்டும். உருளைக்குக் கொஞ்சம் ஈரப்பதமும் முழு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கில் சொலனைன் என்ற நச்சு கூடியிருக்கும். பச்சை கொஞ்சமாக இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியலாம். நிறைய இருந்தால் முழுக்கிழங்கையும் விட்டுவிடுங்கள்.

ஒரே காயைத் தினமும் சமைத்தால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. வேறு வழி உண்டா?

மசாலாவை மட்டும் மாற்றினால் அலுப்பு போகாது. நாக்குக்குச் சலிப்பது பெரும்பாலும் காயின் பதம்தான். ஒரே சுக்கினியை (வெள்ளரிபோல நீண்ட, பூசணிக் குடும்பத்துக் காய்) மெல்லிய நாடாவாகச் சீவி எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பச்சையாகத் தின்றால் ஒரு சுவை. பெரிய துண்டாக நறுக்கி, எண்ணெய் தடவி, அவனில் (oven, சூட்டடுப்பு) 220 டிகிரியில் ஓரம் கருகச் சுட்டால் முற்றிலும் வேறு சுவை. துருவிப் பிழிந்து மாவில் கலந்து தட்டி எடுத்தால் மூன்றாவது சுவை. வேகவைத்து மசித்து சூப் ஆக்கினால், உள்ளே இருப்பது என்ன காய் என்று கேட்கும் அளவுக்கு மாறிவிடும்.

அவனில் சுடும்போது தட்டில் காயை நெருக்கிப் போடக் கூடாது. நெருக்கினால் காயிலிருந்து வரும் நீராவியில் காய் வெந்துவிடும், சிவக்காது. இரண்டு தட்டாகப் பிரித்துச் சுடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய் குவிந்த நாளில் முழுச் சமையலாகச் செய்து சேர்த்து வைக்காதீர்கள். பத்து டப்பா ஒரே குழம்பு ஃப்ரீசரில் இருந்தால், மூன்றாவது டப்பாவிலேயே வெறுத்துப் போகும். பாதி வேலை முடிந்த நிலையில் நிறுத்துங்கள். உப்பு மட்டும் போட்டுச் சுண்டவைத்த தக்காளி, சுட்டு எடுத்த கத்தரிச் சதை, வெந்நீரில் போட்டெடுத்த பீன்ஸ், துருவிய சுக்கினி, மசித்த பூசணி. மசாலா சேர்க்காத இந்தப் பாதிச் சமையலை, எடுக்கும் அன்றைக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

தக்காளி மட்டும் கிலோக்கணக்கில் வந்துவிட்டது. எப்படித் தீர்ப்பது?

தக்காளி ஒரே சமயத்தில் குவிவதற்குக் காரணம் பல வீடுகளில் ரகம்தான். குட்டையாகப் புதர்போல வளர்ந்து நின்றுவிடும் ரகங்கள் சில வாரங்களுக்குள் மொத்தக் காயையும் தந்துவிடும். கொடிபோல நீண்டுகொண்டே போகிற ரகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நாள் காய்க்கும்.

நேரமே இல்லாத நாளில் கழுவித் துடைத்து, காம்பு இருந்த இடத்தை எடுத்துவிட்டு, முழுதாகவே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேகவைக்க வேண்டாம், தோலும் உரிக்க வேண்டாம். பிறகு ஒரு நாள் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். உருகியதும் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் சாலடுக்கு ஆகாது. சமையலுக்கு ஒரு குறையும் இல்லை. தக்காளி வேலையைத் தள்ளிப்போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நேரம் இருந்தால் சுண்டவையுங்கள். தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதே முழு வேலையும். அதனால் உயரமான குண்டா வேண்டாம், அகலமான வாணலி எடுங்கள். பரப்பு கூடினால் நீர் சீக்கிரம் வற்றும். மூடி போடாமல், அடி பிடிக்காமல் கிளறிக் கிளறி, கரண்டியால் கோடு போட்டால் கோடு நிற்கும் வரை வற்ற விடுங்கள். தக்காளிப் புளிப்பு அலுமினியத்தையும் பூச்சில்லாத இரும்பையும் அரிக்கும், சுவையும் மாறும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் நல்லது. கொஞ்சம் எண்ணெய் சேர்த்து வேகவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீனை, வெந்து எண்ணெயோடு சேர்ந்த நிலையில்தான் உடம்பு எளிதாக ஏற்கிறது.

அடுப்பருகில் நிற்க முடியாது என்றால் அவன் இருக்கிறது. பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கி, உப்பும் எண்ணெயும் தெளித்து 150 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓரம் சுருங்கி, இனிப்பும் புளிப்பும் திரண்டு வரும். சின்னச் செர்ரி தக்காளிக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

பழுக்காமல் நின்றுவிட்ட பச்சைத் தக்காளியையும் எறிய வேண்டாம். ஊறுகாய்க்கும் வறுவலுக்கும் அதன் உறுதியும் புளிப்பும் நன்றாக இருக்கும். பழுக்க வைக்க விரும்பினால் ஒரு காகிதப் பையில் வாழைப்பழத்தோடு சேர்த்து மூடி வையுங்கள். மேலே சொன்ன எத்திலீன் இங்கே நமக்கு உதவும்.

இரண்டு நாள் பார்க்காமல் விட்டதில் சுக்கினியும் வெள்ளரியும் கை நீளத்துக்குப் பெருத்துவிட்டன. சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நீளவாக்கில் பிளந்து நடுவில் இருக்கும் விதையையும் பஞ்சையும் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். தோல் தடித்திருந்தால் சீவிவிடுங்கள். மிச்சமிருக்கும் சதை நல்ல காய்தான், சுவை மட்டும் கொஞ்சம் மட்டு. துருவி, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து கால் மணி நேரம் வைத்துத் துணியில் பிழியுங்கள். எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தத் தண்ணீரைச் சூப்பில் ஊற்றிக்கொள்ளலாம்; அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதை நினைவில் வையுங்கள். பிழிந்த துருவலைக் கேக், ரொட்டி மாவு, அடை போலத் தட்டுவது, முட்டையோடு பொரிப்பது என்று எதிலும் சேர்க்கலாம். ஒரு முறைக்கு வேண்டிய அளவு பைகளாகக் கட்டி ஃப்ரீசரிலும் வைக்கலாம்.

பெருத்த வெள்ளரியையும் இப்படியே விதை நீக்கி, லேசாக வதக்கியோ சூப்பாகவோ சமைக்கலாம். வெள்ளரியைச் சமைப்பதா என்று யோசிக்கிறவர்கள் ஒரு முறை செய்து பாருங்கள். சுரைக்காயின் சாயலில் இருக்கும்.

சுரைக்காய், சுக்கினி கசக்கிறது. உப்பு, புளிப்பு சேர்த்துச் சரிசெய்யலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. வளர்ப்பு ரகங்களில் அது மிகக் குறைவு. ஆனால் சேமித்து வைத்த விதையில் வேறு இனத்தின் மகரந்தம் கலந்திருந்தாலோ, செடி கடும் வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வாடியிருந்தாலோ அது கூடிவிடும். வேகவைத்தாலும் அழியாது. கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்பு சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார்.

சமைப்பதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயை எறிந்துவிடுங்கள். அந்தச் செடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள். கசக்கும் சுரைக்காயைச் சாறு பிழிந்து குடிப்பது இன்னும் மோசம், ஒரே மடக்கில் நிறைய உள்ளே போய்விடும். வெள்ளரியில் காம்புப் பக்கமும் தோலும் மட்டும் லேசாகக் கசப்பது வழக்கம். அங்கே தாராளமாக வெட்டிவிட்டு மிச்சத்தைச் சுவைத்துப் பார்க்கலாம். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. அதை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

ஃப்ரீசரில் வைப்பதற்கு முன் வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா?

பெரும்பாலான காய்களுக்கு அவசியம். பறித்த பிறகும் காய்க்குள் என்சைம்கள் (காயின் நிறத்தையும் சுவையையும் மாற்றும் புரதங்கள்) வேலை செய்துகொண்டே இருக்கும். உறைகுளிர் அந்த வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. சில வாரத்தில் நிறம் மங்கி, வைக்கோல் வாசனை வந்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்தால் என்சைம் செயலிழந்துவிடும்.

அரை கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்ற அளவில் தளதளவென்று கொதிக்க வையுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் காய் விழுந்ததும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வந்ததிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். கீரைக்கும் நறுக்கிய கேரட்டுக்கும் 2 நிமிடம். பீன்ஸ், காலிஃபிளவர், சின்ன வெண்டைக்கு 3, பெரிய வெண்டைக்கு 4. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம் போட்டு ஆற வைத்து, நன்றாக வடித்துத் துணியில் உலர்த்துங்கள். அரைகுறையாகப் போட்டெடுப்பது சும்மா விடுவதைவிட மோசம். மிதமான சூடு என்சைமைத் தூண்டிவிட்டுப் போய்விடும்.

உலர்ந்த துண்டுகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். இப்படிச் செய்தால் ஒரு கை மட்டும் எடுக்க முடியும். கல்லாக ஒட்டிய கட்டியை உடைக்கும் பாடு இல்லை. விழுது, கூழ் வகைகளைப் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்து உறைய விட்டால் புத்தகம்போல அடுக்கலாம், சீக்கிரம் உருகவும் செய்யும். டப்பாவில் ஊற்றினால் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது விரியும். மைனஸ் 18 டிகிரியில் இவை எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை நல்ல சுவையோடு இருக்கும். பையின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். உறைந்த பிறகு பூசணிக்கூழும் கேரட்கூழும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

குடைமிளகாய், பச்சை மிளகாய், வெங்காயம், தக்காளி ஆகியவற்றுக்கு வெந்நீர் வேலை தேவையில்லை.

எதை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது?

பச்சையாக, மொறுமொறுப்புக்காகச் சாப்பிடும் எதையும் வைக்க வேண்டாம். வெள்ளரி, முள்ளங்கி, லெட்யூஸ். காய்க்குள் உறையும் தண்ணீர் கூர்மையான பனிப் படிகங்களாகி உயிரணுச் சுவரைக் கிழித்துவிடும், உருகியதும் தொய்ந்துபோகும்.

பீன்ஸ் முற்றி நார் ஓடிவிட்டது. எறிவதா?

தோலை எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் பருப்பை எடுங்கள். முற்றிய பச்சைப் பருப்பு அவித்தால் வெண்ணெய்போல வேகும். செடியிலேயே காய்ந்துபோனால் உலர் பயறாகச் சேமிக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கிட்னி பீன்ஸ் இந்தச் செடியின் இனம்தான். முற்றிய பருப்பில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கும். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். காய்ந்த பருப்பானால் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு, பிறகு மிருதுவாகும் வரை வேகவையுங்கள். கொதி வராத மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின் பாத்திரத்தில் நேரடியாகப் போடாதீர்கள்.

கீரையும் கொத்தமல்லி, புதினா போன்ற இலைகளும் ஒரே நாளில் வாடிவிடுகின்றன. என்ன வழி?

வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையில் பறியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஓரளவு வாடிய கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் மூழ்கவைத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு நீர் வடித்து, உலர்ந்த துணியில் சுற்றி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கொத்தமல்லியைப் பூங்கொத்துபோலத் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள்.

குவிந்த கீரையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு பெரிய குண்டா நிறைய இருப்பது வதங்கினால் ஒரு கிண்ணம்கூடத் தேறாது. வெந்நீரில் போட்டெடுத்துப் பிழிந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக ஃப்ரீசரில் வைத்தால் சமைக்கும்போது இரண்டு உருண்டையைத் தூக்கிப் போட்டால் ஆயிற்று. மணம் தரும் இலைகளைப் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டில் எண்ணெய் அல்லது தண்ணீர் ஊற்றி உறைய விடுங்கள். எண்ணெயில் உறைந்த துண்டு நேராக வாணலிக்கே போகும்.

மிளகாய்ச் செடி ஓய்வதே இல்லை. யாராலும் இவ்வளவு காரம் சாப்பிட முடியாதே?

மிளகாய் அவசரப்படுத்தாத காய். செடியிலேயே சிவக்க விடலாம், நூலில் கோத்துக் காற்றோட்டமான இடத்தில் காய வைக்கலாம், முழுதாக ஃப்ரீசரில் போட்டு வேண்டும்போது உறைந்த நிலையிலேயே நறுக்கலாம். நிறைய நறுக்கும் நாளில் கையுறை போடுங்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும்; எரிகிற கையில் முதலில் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கத்தரிக்காய்?

சுட்டுவிடுங்கள். நேரடித் தீயிலோ அவனிலோ தோல் கருகி உள்ளே குழையும் வரை சுட்டு, சதையை வழித்து எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். அவனில் வைப்பதானால் முன்னதாகக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். பச்சையாக உறைந்த கத்தரி கறுத்துப் பஞ்சாகிவிடும்.

வெயிலில் காயவைக்கலாமா?

தொடர்ந்து சில நாள் நல்ல வெயிலும் வறண்ட காற்றும் கிடைக்கும் என்றால் தாராளமாக. ஈரமான காற்றில் காய் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அங்கே உலர்த்தும் கருவியோ 60 டிகிரி அளவில் வைத்த அவனோதான் சரி. ஒரே தடிமனில் மெல்லிசாக நறுக்குவது முக்கியம். தடிமன் மாறினால் ஒன்று நொறுங்கும், இன்னொன்று நடுவில் ஈரமாகவே இருக்கும். ஃப்ரீசருக்குப் போகும் காய்கள்போலவே பீன்ஸ், கேரட் எல்லாவற்றையும் முதலில் வெந்நீரில் போட்டெடுத்துக் காயவைத்தால் நிறமும் சுவையும் நிற்கும். வெயிலில் போட்டதை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள், பனி பட்டால் அன்றைய உழைப்பு வீண்.

காய்ந்ததும் நேராக இறுக மூடிவிடாதீர்கள். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்குக் குறைவாகப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஆவி படிந்தால் இன்னும் காய வேண்டும்.

ஊறுகாய் போடலாம் என்றால், வினிகரா உப்புத் தண்ணீரா?

இரண்டும் வேறு வேறு வேலை. வினிகர் முறை உடனடி வேலை. 5 சதவீத அமிலம் உள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு எடுத்து, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, நறுக்கிய காயின் மேல் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே சாப்பிடலாம். சில வாரம் இருக்கும். வெள்ளரி, வெங்காயம், முள்ளங்கி, கேரட், பீன்ஸ் எல்லாம் இதற்குப் பொருந்தும். இது ஃப்ரிட்ஜ் ஊறுகாய், அலமாரியில் வைப்பதற்கில்லை.

உப்பு முறையில் காயே புளித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. முட்டைகோஸை மெல்லிசாகச் சீவி, ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு போட்டு, நீர் விடும் வரை கையால் பிசைந்து, ஜாடியில் அழுத்தி அடையுங்கள். காயில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கும். அந்த அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடாது. உப்பை எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும், கண்ணளவு கூடாது. காய் எப்போதும் உப்புநீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தட்டோ கனமோ வையுங்கள். 20 டிகிரி அளவில் மூன்று நான்கு வாரம் ஆகும். வெப்பமான இடத்தில் சீக்கிரம் புளிக்கும், ஆனால் மென்மையாகிவிடும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட், வழித்து எடுத்துவிடலாம். ரோமம்போல வளர்ந்த பூஞ்சையோ இளஞ்சிவப்பு நிறமோ அழுகல் நாற்றமோ இருந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள்.

பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தால் ஃப்ரீசர் இடம் மிச்சமாகுமே?

இதில் அவசரம் வேண்டாம். குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் இருக்கின்றன; தோட்டத்துக் காயிலும் ஒட்டியிருக்கும். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த, வெளிச் சூட்டில் வைத்த பாட்டில் அதற்கு மிகவும் வசதியான இடம். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமலும் இருக்கலாம். சாதாரணக் கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் வித்துகள் சாகாது. பீன்ஸ், கேரட், கத்தரி, பூசணி போன்ற புளிப்பில்லாத காய்களைப் பாட்டிலில் அடைக்க வேண்டுமானால், அதற்கென்றே செய்த அழுத்தக் கலமும் சோதித்துப் பார்த்த நேரக் கணக்கும் வேண்டும். வீட்டுக் குக்கரை அதற்குப் பதிலாக நம்பக் கூடாது.

புளிப்பை பிஹெச் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளி இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. ரகத்துக்கு ரகம் மாறும். அதனால்தான் தக்காளியைப் பாட்டிலில் அடைப்பவர்கள் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாற்றை லிட்டருக்கு 2 மேஜைக்கரண்டி சேர்க்கிறார்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டு, சுட்ட குடைமிளகாய், கத்தரி எல்லாமே இதே ஆபத்துக்குள் வரும். அவற்றை ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள், அல்லது உறைய வையுங்கள். சந்தேகம் வந்த பாட்டிலைச் சுவைத்துப் பார்க்கவே கூடாது.

பூசணியை எத்தனை நாள் வைக்கலாம்?

தோல் நகத்துக்கு மசியாத அளவு முற்றியிருந்தால், காம்பை இரண்டு விரல் அளவு விட்டு வெட்டிப் பத்து நாள் வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தோல் இறுகும். பிறகு குளிர்ச்சியான, வறண்ட இடத்தில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் ரகத்தைப் பொறுத்து சில மாதங்கள் இருக்கும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்த பூசணியை முதலில் சமையுங்கள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசரில் சேர்த்தது எல்லாம் போய்விடுமா?

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். உருகினாலும் பனித்துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். பதம் மட்டும் கொஞ்சம் குறையும்.

அப்படியும் மிஞ்சுகிறது. யாருக்குக் கொடுப்பது?

பறித்த அன்றே கொடுங்கள். நாம் தின்று சலித்து, வாடிப்போனதைத் தூக்கிக் கொடுப்பது கொடுப்பவருக்கும் அழகில்லை, வாங்குபவருக்கும் பாரம். ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்கு வேண்டிய அளவு போதும். ஐந்து கிலோ கத்தரியைக் கொடுத்தால் நம் பிரச்சினை அவர்களுக்குப் போகிறது, அவ்வளவுதான். அதிகமாக இருந்தால் பொதுச் சமையலறை, உணவு வங்கி, விடுதி போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். முன்கூட்டிச் சொன்னால் அவர்களுக்கும் திட்டமிட வசதி.

அடுத்த பருவத்தில் இப்படிக் குவியாமல் இருக்க?

பீன்ஸ், முள்ளங்கி, கீரை, வெள்ளரி விதைகளை ஒரே நாளில் போடாமல் இரண்டு மூன்று வார இடைவெளியில் போடுங்கள். சுக்கினி ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு செடி தாராளம். பூசணிக் குடும்பத்தில் ஆண் பூக்களைப் பறித்துச் சமைக்கலாம், கொடியின் இளந்துளிரையும் சமைக்கலாம். மகரந்தத்துக்குச் சில ஆண் பூக்களை மட்டும் விட்டுவையுங்கள்.

காய்ப்புக் காலத்தில் தினமும் ஒரு சுற்று சுற்றி, பிஞ்சாக இருக்கும்போதே பறிப்பது நல்லது. வெள்ளரி, வெண்டை, பீன்ஸ் ஒன்றிரண்டு முற்றி விதை பிடித்தால் செடி தன் வேலை முடிந்தது என்று காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். காய் போதும் என்று உண்மையிலேயே தோன்றுகிறபோது இதையே நமக்குச் சாதகமாக்கலாம்: கசப்பில்லாத நல்ல செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விட்டு விதைக்கு எடுங்கள். பக்கத்தில் வேறு வெள்ளரி, பூசணி ரகங்கள் பூத்திருந்தால் அந்தக் குடும்பத்தில் மட்டும் விதை எடுக்க வேண்டாம். பீன்ஸிலும் தக்காளியிலும் பெரும்பாலும் ரகம் மாறாமல் வரும்.